நாரி பிடிக்காமல் புஜங்காசனம் செய்யும் முறை

குப்புறப் படு, கையை ஊன்று, எழும்பு. இவ்வளவுதானே என்று நினைப்பதால்தான் புஜங்காசனத்தில் பிழை விடுவோர் அதிகம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதாவதொரு காலை வகுப்பை எட்டிப் பாருங்கள். பாதிப் பேர் கையை முற்றாக நீட்டி, தோள் காதைத் தொட, கூரையைப் பார்த்தபடி இருப்பார்கள். பார்க்க நல்ல உயரம். அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்பதை மறுநாள் படுக்கையிலிருந்து எழும்பும்போது நாரி சொல்லும்.

முள்ளந்தண்டில் கழுத்துக்கு 7 எலும்புகள், நெஞ்சு முதுகுக்கு 12, நாரிக்கு 5. நடுவிலுள்ள 12 எலும்புகளையும் விலா எலும்புகள் இரண்டு பக்கமும் கட்டி வைத்திருக்கின்றன. அவை பின்னால் வளைவது குறைவு. நாரி கேட்டவுடன் வளையும், அதிலும் அடியில் உள்ள கடைசி இரண்டு எலும்புகளின் இடத்தில். பழைய குடைக்கம்பி ஒருமுறை மடிந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மடிவதைப்போல, கவனமில்லாமல் எழும்பும் உடம்பு முழு வளைவையும் அந்த ஒரே மூட்டில் போட்டுவிடும். ஆகவே இந்த ஆசனத்தில் நமக்குள்ள வேலை, நாரியின் வளைவைக் குறைத்து, வளைய மறுக்கும் நெஞ்சு முதுகை வளையப் பழக்குவது. கீழே வரும் விவரம் எல்லாம், சின்னக் கால்விரலின் நகம் உட்பட, அதற்காகத்தான்.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூல் 32 ஆசனங்களைச் சொல்கிறது. புஜங்காசனத்துக்கு அது தரும் அளவு தெளிவானது: கால்விரலிலிருந்து தொப்புள் வரை தரையில், உள்ளங்கை தரையில், தலை பாம்பைப்போல மேலே. தொப்புள் தரையை விடக்கூடாது என்ற ஒன்றைப் பிடித்தாலே பாதிப் பிழை ஒழிந்துவிடும். உடற்சூடு வளரும், நோய் அழியும், குண்டலினி விழிக்கும் என்று அதே நூல் பலனும் சொல்கிறது. பலன் விஷயத்தில் நாம் கொஞ்சம் அடக்கி வாசிப்போம்.

என்ன கிடைக்கும்

செட்டியார் தெருவில் நாள் முழுக்கக் குனிந்து பொன் வேலை செய்பவர், கணினிக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் இருப்பவர், 100, 101 பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் ஃபோனைக் குனிந்து பார்த்தபடி வருபவர். மூவர் உடம்பிலும் நடப்பது ஒன்றே. நெஞ்சுத் தசை குறுகுகிறது. முதுகுத் தசை இழுபட்டபடியே இருந்து பலம் குறைகிறது. நாரியிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை, இருந்த நிலையிலேயே சுருங்கிப் பழகுகிறது. புஜங்காசனம் இம்மூன்றையும் எதிர்ப்பக்கம் வேலை வாங்கும். முள்ளந்தண்டின் இரு பக்கமும் ஓடும் தசைகள் உடம்பின் பாரத்தைத் தூக்கிப் பலப்படும், நெஞ்சு விரியும், மூச்சு விலா எலும்புக்குள் தாராளமாக இறங்கும். சரியாகச் செய்தால் முதல் நாளே தெரியும் மாற்றம் மூச்சில்தான்.

நாரி நோவைப் பற்றி: அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட நாரி நோவுக்கு மருந்துக்கு முன்னர் முயன்று பார்க்கக்கூடியவற்றில் யோகாவையும் சேர்த்திருக்கிறது. யோகா என்று பொதுவாகத்தான் சொல்கிறது, இந்த ஓர் ஆசனத்தைப் பெயர் சொல்லிச் சிபாரிசு செய்யவில்லை. தைரொயிட் சரியாகும், நீரிழிவு மாறும், சிறுநீரகக் கல் கரையும் என்று வட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நம்பிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். தொப்பையும் இதனால் கரையாது. இந்த ஆசனத்தில் வயிற்றுத் தசை இழுபடுகிறதே தவிர, கொழுப்புக்கு ஒன்றும் நடப்பதில்லை.

யார் தொடக்கூடாது, யார் கேட்டுவிட்டுத் தொடலாம்

கர்ப்பிணிகள், முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு குப்புறப் படுக்கும் எந்த ஆசனமும் வேண்டாம். சிசேரியன் அல்லது வேறு வயிற்றுச் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், வைத்தியர் சரி என்று சொன்ன பிறகே தொடங்கலாம். தையல் வெளியே ஆறியதை வைத்து உள்ளே ஆறியதை அளக்க முடியாது. குடலிறக்கம் உள்ளவர்களும் விலகி நிற்க வேண்டும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் இறங்கிய குடல் இன்னும் இறங்கும்.

நாரி நோவுக்காரர்கள் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிந்தால் நோவு கூடி, நிமிர்ந்தால் குறைபவர்கள் ஒரு வகை; முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு பின்பக்கம் பிதுங்கியதால் நோபட்டவர்களில் பலர் இதில் வருவர். பின்வளைவு இவர்களுக்குப் பெரும்பாலும் உதவும். நியூசிலாந்து இயன்மருத்துவர் ரொபின் மெக்கென்ஸி 1950களில் கவனித்து வகுத்த பயிற்சி முறையில், புஜங்காசனத்தைப் போலவே குப்புறக் கிடந்து எழும்பும் பயிற்சி உண்டு. மற்ற வகையினருக்கு நிமிர்ந்தால் நோவு கூடும், குனிந்தால் சுகம். அறுபது தாண்டியவர் காலி வீதியில் கொஞ்சத் தூரம் நடந்ததும் கால் கனத்து மரத்துப்போய், சுப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் மட்டும் இலகுவாக இருக்கிறது என்றால், நரம்பு ஓடும் வழி ஒடுங்கியிருக்கலாம். பின்வளைவு அந்த வழியை இன்னும் ஒடுக்கும். இவருக்குப் புஜங்காசனம் வேண்டவே வேண்டாம். முள்ளெலும்பு ஒன்று முன்னால் நழுவியிருப்பதாக எக்ஸ்ரேயில் சொல்லப்பட்டவருக்கும் இதே பதில்தான்.

எந்த வகை என்று தெரியாதவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. செய்யும்போது காலுக்குள் ஓடிய நோவு மேலே ஏறி நாரியில் மட்டும் நின்றால், நல்ல குறி. நாரியில் இருந்த நோவு பிட்டத்துக்கும் தொடைக்கும் காலுக்கும் இறங்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சலம் போவதில் மாற்றம், கால்களுக்கு இடையில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை என்று ஏதாவது வந்தால் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கும் விஷயமில்லை அது.

பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர் மூச்சை அடக்காமல், ஐந்து வினாடிக்கு மேல் நில்லாமல், வைத்தியரிடம் கேட்டுச் செய்யலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் வெறும் வயிறு என்ற விதியை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. மருந்தும் எடுத்து, சாப்பிடாமலும் பயிற்சி செய்தால் சீனி இறங்கித் தலை சுத்தும். இரண்டு பிஸ்கட்டும் பிளேன்டீயும் குடித்து அரை மணித்தியாலம் விட்டுத் தொடங்குவது மேல். மணிக்கட்டில் விறைப்பும் நோவும் உள்ளவர்களுக்கு முழங்கை ஊன்றும் நிலை போதும். அது கீழே வருகிறது.

இடமும் நேரமும்

கொழும்பு வெக்கைக்கு காலை 5.30க்கும் 7க்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. ஆனால் எழும்பியவுடன் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருப்பதும் அதனால்தான். முகம் கழுவி, வீட்டுக்குள் அரை மணித்தியாலம் நடமாடிவிட்டுத் தொடங்குங்கள். மாலையில் செய்பவர்கள், சோறு சாப்பிட்டு நான்கு மணித்தியாலம் கழிய வேண்டும். நிறைந்த வயிற்றில் குப்புறப் படுத்தால் புளித்த ஏப்பம் தொண்டைக்கு வந்துவிடும்.

டைல்ஸ் தரையில் 4 மில்லிமீற்றர் பாய் விரித்தால் இடுப்பெலும்பின் முன்முனைகள் நோகும், நோவைத் தவிர்க்க உடம்பு தானாகவே சரியும். 6 மில்லிமீற்றர் எடுங்கள், அல்லது துவாயை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள். பன்பாயும் சரிதான், ஆனால் டைல்ஸில் அது வழுக்கும்; அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். வியர்த்த உள்ளங்கை வழுக்குவது இங்கே தினசரிக் கதை என்பதால் பக்கத்தில் இன்னொரு சின்னத் துவாயும் இருக்கட்டும். மின்விசிறி ஓடலாம், நேரே முதுகில் வேண்டாம். கடற்கரை மணலில் செய்து படம் எடுப்பவர்கள் உண்டு. மணலில் உள்ளங்கையின் அடி புதைந்து மணிக்கட்டு அளவுக்கு மேல் மடியும். படத்துக்கு ஒருமுறை சரி, பழக்கத்துக்கு ஆகாது.

உடம்பைச் சூடாக்குதல்

நாலு காலில் நின்று முதுகை மேலே வளைப்பதும் கீழே தாழ்த்துவதும் எட்டு முறை. பிறகு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னே வைத்து, இடுப்பை முன்னால் தள்ளி 30 வினாடி; பக்கம் மாற்றி மீண்டும் 30 வினாடி. இந்த இரண்டாவதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். தொடையின் முன்தசை இறுகியிருந்தால் குப்புறப் படுத்தவுடனேயே இடுப்பெலும்பு முன்னால் சரிந்து, ஆசனம் தொடங்குமுன்னே நாரி வளைந்துவிடும்.

அடுத்தது முழங்கை நிலை. குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே வைத்து, முன்னங்கைகளை நேராக நீட்டி ஊன்றுங்கள். முன்னங்கையைப் பாயில் ஊன்றியபடியே பின்னால் இழுப்பதுபோல அழுத்தினால் நெஞ்செலும்பு தானாக முன்னே நகரும். ஒரு நிமிடம் இருங்கள். முதல் இரண்டு வாரமும் இதற்கு மேலே போகத் தேவையில்லை. நாரி நோவோடு வருபவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் இதுவே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆசனம்

நெற்றி தரையில். பாதங்கள் இடுப்பளவு விலகி இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து வைப்பது பழைய வழக்கம், ஆனால் நாரி இறுகியவர்களுக்கு விலக்குவதே நல்லது. கால்விரல்கள் பின்னால் நீண்டு, பத்து நகமும் தரையில் பட வேண்டும். சின்னவிரல் நகம்தான் ஏமாற்றும். அது தரையை விட்டால் குதிக்கால் உள்ளே சாய்கிறது, தொடை வெளியே திரும்புகிறது, பிட்டம் இறுகுகிறது, நாரி நசுங்குகிறது. அந்த நகத்தை அழுத்தினால் முழங்கால் சில்லு தரையிலிருந்து மெல்ல எழும்பும். கால் இப்போது வேலை செய்கிறது என்று பொருள்.

அடிவயிறு முடியும் இடத்தில் கையில் தட்டுப்படும் எலும்பைப் பாயில் அழுத்துங்கள். வால் எலும்பு குதிக்காலை நோக்கி நீளட்டும். தொப்புளைச் சற்று உள்ளே இழுங்கள், பாயிலிருந்து தூக்கும் அளவுக்கு வேண்டாம். பிட்டத் தசை உறுதியாக இருக்கலாம், கல்லாக இறுக வேண்டியதில்லை.

உள்ளங்கைகள் நெஞ்சின் இரு பக்கமும். விரல் நுனி தோள் முனையைத் தாண்டி முன்னே போகக்கூடாது. இந்த ஓர் அளவைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. கை முன்னே போகப் போக அது ஆசனம் என்பதை விட்டுத் தண்டாலுக்குக் கிட்டப் போகும். முழங்கைகள் விலாவோடு ஒட்டி, பின்னால் பார்க்க வேண்டும். தோள்களைக் காதிலிருந்து விலக்கி, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் கீழ்நோக்கி நகர்த்துங்கள்.

மூச்சை உள்ளே எடுக்கும்போது நெற்றி, பிறகு நெஞ்சு என்று மெதுவாக எழும்புங்கள். நாடியை முன்னால் நீட்டி இழுத்துக்கொண்டு எழும்புவது சில வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. கழுத்து நோவு உள்ளவர்களுக்கு அது வேண்டாம். பார்வை பாயின் முன்விளிம்பில் இருந்தால் கழுத்தின் பின்பக்கம் நீளமாகவே இருக்கும். தொப்புள் தரையை விடப்போகும் இடத்துக்குச் சற்று முன்னரே நில்லுங்கள். முழங்கை மடிந்தேதான் இருக்கும்.

இப்போது பரீட்சை. உள்ளங்கைகளைத் தரையிலிருந்து ஒரு விரல் கனம் தூக்குங்கள். நெஞ்சு அதே உயரத்தில் நின்றால் உங்கள் முதுகு உங்களைத் தூக்கியிருக்கிறது. தொப்பென்று கீழே வந்தால், வந்த அளவு முழுவதும் கை கொடுத்த கடன். கை இல்லாமல் எந்த உயரத்தில் நிற்க முடிகிறதோ, அன்றைக்கு உங்கள் புஜங்காசனம் அந்த உயரம்தான். தொடக்கத்தில் அது நெஞ்சு தரையிலிருந்து நாலு விரல் உயரம்கூட இல்லாமல் இருக்கலாம்.

அங்கே மூன்று முதல் ஐந்து மூச்சு. ஒவ்வொரு மூச்சும் உள்ளே போகும்போது நெஞ்செலும்பு முன்னே நகரட்டும், வெளியே விடும்போது உயரத்தைக் கூட்டாமல் அப்படியே நில்லுங்கள். பிறகு மூச்சை விட்டபடி வயிறு, நெஞ்சு, நெற்றி என்று இறங்கி, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கைகளைத் தளர்த்தி ஐந்தாறு மூச்சு ஓய்வு. மூன்று சுற்று போதும்; ஒவ்வொரு ஓய்விலும் தலையை மறுபக்கம் மாற்றுங்கள், கழுத்து ஒரே பக்கம் பிடிக்காது.

பக்கத்தில் ஒருவர் பார்த்தால்

தனியாகச் செய்பவருக்குத் தன் தோள் காதுக்கு ஏறியது தெரியாது. வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் கவனிக்க வேண்டியது முதுகின் கோடு: நாரியில் ஆழமாக ஒரு மடிப்பு விழுந்து, அதற்கு மேலே முதுகு பலகை மாதிரி நேராக இருந்தால் பிழை. கோடு தோள் வரை மெதுவாக வளைந்து போனால் சரி. "அம்மா, உயரம் காணும், கொஞ்சம் கீழ வாங்கோ. தோளைப் பின்னால விடுங்கோ" என்று சொன்னால் போதும். நாரியில் கையை வைத்து அழுத்துவதோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பதோ கூடாது. உதவி செய்யத்தான் வேண்டும் என்றால், விரித்த உள்ளங்கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவில் மெல்ல வைத்து, "என்ட கைக்குக் கீழ இருக்கிற இடத்தை முன்னுக்குத் தள்ளுங்கோ" என்று சொல்லலாம். எந்த இடம் வளைய வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்கு முதன்முறையாகத் தெரியவரும்.

வழக்கமான பிழைகள்

தலையைப் பின்னால் எறிவதுதான் அதிகம் காண்பது. நெஞ்சு முதுகு வளையாததை மறைக்கக் கழுத்து வளைந்துகொடுக்கும். அங்கே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள்ளால் போகின்றன. வயதானவர்களுக்குத் தலைசுத்து வருவது இதனாலும் இருக்கலாம். தலை சுத்தினால் எழும்பி இருக்கப் பார்க்காமல், நெற்றியைக் கைமேல் வைத்துக் குப்புறவே கிடவுங்கள்.

மூச்சை அடக்குவது அடுத்தது. முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்தால் உங்கள் உயரம் உங்களுக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் ஒரு பிழை. 12 நிலைகள் கொண்ட சூரிய நமஸ்காரத்தில் ஏழாவதாக வருவது புஜங்காசனம்தான். ஒரு வினாடியில் பாய்ந்து எழும்பி இறங்கினால், தசை பிடிக்குமுன் நாரி மூட்டு அடி வாங்கும். நோவு இருக்கும் நாட்களில் அந்த இடத்தில் முழங்கை நிலையை வைத்துக்கொண்டு சுற்றைக் குறையுங்கள்.

செய்து முடித்தபின் முதுகின் மேல்பாதியில் தசைக்களைப்பு இருந்தால் நல்லது. நாரியின் நடுவில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் குத்தினால் அடுத்த நாள் உயரத்தைப் பாதியாக்குங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் குத்தினால் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடித்தபின்

பின்வளைவுக்குப் பிறகு குதிக்காலில் அமர்ந்து முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது எல்லா வகுப்பிலும் வழக்கம். சுகமாகவும் இருக்கும். சவ்வுப் பிரச்சினை உள்ளவர் மட்டும் அதை விட வேண்டும். பின்வளைவால் கிடைத்த ஆறுதலை ஆழமான குனிவு கலைத்துவிடக்கூடும். அவர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இரண்டு நிமிடம் கிடந்தால் காணும். எழும்பும்போது எல்லோரும் பக்கவாட்டில் உருண்டு கையை ஊன்றி எழும்புங்கள்.

பாய் விரிக்க வழியில்லாத அலுவலக நாளுக்கு ஒரு குறுக்குவழி. கதிரையின் முன்விளிம்பில் இருந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய் இருக்கையின் பின்விளிம்பைப் பிடியுங்கள். முழங்கைகள் ஒன்றையொன்று நோக்கி, தோள் கீழே, நெஞ்செலும்பு முன்னும் மேலும். பார்வை கணினித் திரையின் மேல்விளிம்பில். ஐந்து மூச்சு. மதியச் சோற்றுக்கு முன் ஒருமுறை, நாலு மணித் தேத்தண்ணிக்கு முன் ஒருமுறை. சில்லு உள்ள கதிரையில் மட்டும் வேண்டாம். கை பின்னால் போகும் அதே நேரத்தில் கதிரையும் பின்னால் போகும்.